ரெண்டு மெஷினுக்கும் ஒரே கத்திரிக்கோல்

நானும் மனைவியும் துணியில் பெயர் தைத்துத் தரும் கடை வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் எழுத்தை அமைத்துக் கொடுத்தால் எம்ப்ராய்டரி மெஷின் தைக்கும். மறுநாள் திறக்கப்போகிற ஒரு கிளினிக்கின் நர்ஸ் கோட்டுகள் மேஜையில் குவிந்திருந்தன. காலைக்குள் கொடுக்காவிட்டால் அந்த வாடிக்கை அதோடு போச்சு. அன்றைக்குப் பார்த்துத்தான் எனக்குச் சுத்தம் செய்கிற ஆசை வந்தது.

கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறதே என்று, லேபிள் அடிக்கிற பழைய மென்பொருளை நீக்கினேன். 'இந்த ஃபைலை வேறு மென்பொருளும் பயன்படுத்தலாம். நீக்கவா?' என்று ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிறுத்திக் கேட்டது. எரிச்சலில் 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்று தட்டிவிட்டேன்.

பிறகு எம்ப்ராய்டரி மென்பொருள் திறக்கவே இல்லை. திரையில் ஒரு பெயர், ஒரு புள்ளி, அப்புறம் டி.எல்.எல். அந்த ஃபைலைக் காணோம் என்றது. பெயர்தானே வேண்டும்? ஒரு பழைய போட்டோவுக்கு அதே பெயரை வைத்து, புள்ளிக்குப் பின்னால் டி.எல்.எல். என்று மாற்றிப் போட்டேன். இப்போது வேறு மாதிரி திட்டியது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "உப்பு டப்பாமேல சர்க்கரைன்னு சீட்டு ஒட்டினா டீ இனிச்சிடுமா? நகருங்க. எதிர்க்கடை அக்காவைக் கூப்பிடறேன்."

"வேணாம்டி! இந்த ஆர்டரை அவங்களும்தான் கேட்டாங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கூப்பிடுவ?"

"என் மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. உங்களுதுதான் இப்போ பார்க்க சகிக்கல."

எதிர்க்கடையிலும் அதே தொழில், அதே மென்பொருள். அக்கா பென் டிரைவோடு வந்தார். நான் மாற்றிய பெயரைத் திருப்பி மாற்றி, போட்டோவைத் திறந்து பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"என்ன தம்பி, குற்றாலக் குளியல் மாதிரி துண்டோட நிக்கிற போட்டோவையா டி.எல்.எல்.னு போட்டீங்க?"

காது சூடாகியது. "என் டிசைன் எல்லாம் போச்சாக்கா?"

"அதெல்லாம் பத்திரமா இருக்கு. இங்க பாருங்க, டிசைன் ஃபைலுக்குப் புள்ளிக்குப் பின்னால வர்ற எழுத்தே வேற. காணாமப் போனது கத்திரிக்கோல் மாதிரி. உங்க ரெண்டு மெஷினுக்கும் நடுவுல ஒரே கத்திரிக்கோல் தொங்குதுல்ல? பழைய மெஷினை வெளிய தள்ளும்போது அதையும் சேர்த்துத் தள்ளின மாதிரி ஆயிடுச்சு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த ஃபைல் லேபிளுக்கு மட்டும் சொந்தமில்லை. ரெண்டு மென்பொருளும் வேலை வரும்போது எடுத்துக்கொள்கிற பொதுச் சாமான்.

"நெட்டுல அந்த ஒத்த ஃபைலை மட்டும் தேடி இறக்கிடாதீங்க, யார் எதை வச்சிருக்கான்னு தெரியாது. மென்பொருளையே மொத்தமா திரும்ப ஏத்திடலாம். ஏத்துற செட்டப் இந்தப் பென் டிரைவ்ல இருக்கு, லைசென்ஸ் உங்களுது."

ஏறியது. திறந்தது. என் டிசைன்கள் வரிசையாக வந்து நின்றன.

"அக்கா, நீங்க சும்மா இருந்திருந்தா இந்த ஆர்டர் உங்களுக்கே வந்திருக்கும்."

"கிடைக்கலைன்னு கோபம்தான், இல்லைங்கல. அதுக்காக அந்தப் பொண்ணுங்க முதல் நாளே பேரில்லாத கோட்டோட நிக்கணுமா? நூலை மாட்டுங்க தம்பி, பேச்சு அப்புறம்."

கோட்டில் ஊசி வைக்கும் முன் மனைவி ஒரு துண்டுத் துணியில் தைத்துச் சரிபார்த்தாள். கோட்டுகள் காலையில் போய்ச் சேர்ந்தன. அந்தத் துண்டுத் துணி மட்டும் இன்றும் கம்ப்யூட்டருக்கு மேல் தொங்குகிறது. நீல நூலில் ஒரே வரி: 'எதையும் அழிக்கும் முன் அக்காவைக் கேட்கவும்.'