ஆறாவது கொடி

வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் ஆறாவது கொடியை இறக்கிவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஜெயித்த சாம்பியன் பட்டத்துக்கு ஒன்றாகக் கல்லூரி அரங்கத்தின் கூரையில் தொங்கும் கொடிகளில் அது ஒன்று. அங்கே கூரை வேலை தெரிந்தவன் லோனி பிளெவின்ஸ்தான். அந்தப் பட்டத்தை ஜெயித்த அணியில் ஆட இறங்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனும் அவனே.

பைன் ஃபோர்க் கல்லூரிக்குக் கூடைப்பந்தைத் தவிர வேறு பெருமை கிடையாது. கென்டக்கி மலையில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஓடிய காலத்தில் ஆட்ட நாளுக்காக ஷிப்டையே மாற்றி வைப்பார்கள். கரி அப்பிய முகத்தோடு வந்து தொண்டை கிழியக் கத்தியவர்களுக்குத்தான் முதல் கொடி கிடைத்தது. பிறகு சுரங்கங்கள் மூடிக்கொண்டே வந்தன, கொடிகள் கூடிக்கொண்டே போயின. ஊர்க்காரர்கள் வருஷத்தையே கொடியை வைத்துத்தான் சொல்வார்கள். மூன்றாம் கொடி வருஷம் கல்யாணம், நாலாம் கொடி வருஷம் வெள்ளம். லோனியின் அம்மா செத்தது ஆறாம் கொடி வருஷம்.

அந்தப் பட்டம்தான் இப்போது செல்லாது என்று ஆகிவிட்டது. அணியின் நட்சத்திரம் டெரல் பூனுக்குப் பதில் வேறொருத்தன் பரீட்சை எழுதியிருந்தான். ஏற்பாடு உதவிப் பயிற்சியாளருடையது. விசாரிக்க வந்தவர்கள், அதே வகுப்பில் படித்த லோனியிடம், டெரலைப் பரீட்சை அறையில் பார்த்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்று உண்மையைச் சொன்னான். அந்த உதவிப் பயிற்சியாளரின் வேலை போகும் என்று நினைத்தான். அவரோ அதற்குள் இதைவிடப் பெரிய கல்லூரிக்குத் தாவியிருந்தார். தண்டனை கொடிக்கு வந்தது.

யார் வாய் திறந்தது என்று ஊருக்குத் தெரியாது. தெரிந்தால் தாங்காது. சுரங்கத் தொழிலாளர் யூனியன் ஊர் அது. கம்பெனியிடம் போய்க் கூட்டாளியைப் பற்றிச் சொன்னவனின் சவப்பெட்டியைச் சுமக்கக்கூட ஆள் வராது. லோனியின் அப்பா ஹோபார்ட், வேலைநிறுத்த நாட்களில் அப்படிப்பட்டவர்களின் வீட்டு வாசலில் நின்று பெயர் சொல்லிக் காறித் துப்பியவர்.

கொடி இறங்குவதைப் பார்க்க அவரும் அவருடைய சுரங்கத்துக் கூட்டாளி விர்ஜிலும் வந்து கீழ்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கரித்தூள் தின்ற நுரையீரல் ஹோபார்ட்டுக்கு. மூக்கில் குழாய், காலடியில் சக்கரம் வைத்த ஆக்சிஜன் சிலிண்டர்.

மேற்பார்வைக்காரி வாண்டா, தானே ஏறுவதாகச் சொல்லிப் பார்த்தாள்.

"நீ ஏறினா கூரை இறங்கிடும்," என்றான் லோனி. அவள் சிரித்தாள், அவன் சிரிக்கவில்லை.

கூரையடி இரும்புப் பாலத்தில் நின்று கொக்கிகளைக் கழற்றும்போது கீழே பேசுவது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. டெரல்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான் என்றார் விர்ஜில். டெரலின் அம்மா நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு இனி எவனும் போகக்கூடாது என்று முடிவாகிக்கொண்டிருந்தது. சர்ச்சிலும் சொல்லிவிடுகிறேன் என்றார் ஹோபார்ட். அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

லோனி கயிற்றைத் தளர்த்தினான். கொடி சுருண்டு சுருண்டு தரையில் விழுந்தது. ஏணி வழியாக இறங்கி நேரே அப்பாவிடம் போனான்.

"டெரல் இல்லப்பா. நான்தான் சொன்னேன்."

விர்ஜில் சிரிக்கப் பார்த்தார். "விளையாடாதடா. நீ ஆட்டத்துலயே இறங்கல, உனக்கென்ன தெரியும்."

"பரீட்சை அறையில இருந்தேனே. கேட்டாங்க, சொன்னேன்."

ஹோபார்ட்டின் மூச்சு குழாயில் இரைந்தது. "யாராவது அடிச்சாங்களா உன்னை?"

"இல்ல."

"வேலை போயிடும்னு மிரட்டினாங்களா?"

"இல்லப்பா. பொய் சொல்லத் தோணல."

"வாயை மூடிட்டிருந்தா அது பொய்யாடா?"

"டெரல் அம்மா கடைக்குப் போங்க. அவங்க ஒண்ணும் பண்ணல," என்றான் லோனி.

ஹோபார்ட் எழுந்தார். வாசலுக்குப் போகப் படிக்கட்டு ஏற வேண்டும். எப்போதும் சிலிண்டரைத் தூக்குகிறவன் லோனிதான். குனிந்து கைப்பிடியைப் பிடித்தான். அப்பா அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கோபமாகக்கூட இல்லை.

"விர்ஜில், இதைப் பிடி."

விர்ஜிலுக்கு இடுப்பு வலி. இருந்தும் தூக்கினார். இரண்டு கிழவர்களும் படிக்குப் படி நின்று நின்று ஏறினார்கள். அவர்கள் மேலே போய்ச் சேரும்வரை லோனி அங்கேயே நின்றான். அப்புறம், கொடியை மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்று வாண்டா கூப்பிட்டாள்.