ஒரே லாட், வேறு வேறு தோல்

1

இந்தக் கதை எனக்கு ஆம்பூர் பைபாஸ் டீக்கடையில் கிடைத்தது. பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் போனில் சொன்னாள்: "ஸ்பீட் ஆயிடுச்சுடா. அதான் பயமாருக்கு." வேகமானதற்கு யாராவது பயப்படுவார்களா? மீதியை நானே எழுதிவிட முடியும் என்று தோன்றியது.

முதல் தொடக்கம்: பாலாற்று மணலில் மாலை வெயில் மெல்ல

(வேண்டாம். கதை இழுத்தால் எந்த இடத்தில் இழுக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். என் கதைகள் எப்போதும் ஆற்றங்கரையில்தான் மாட்டிக்கொள்ளும்.)

2

அவளுக்கு சௌமியா என்று பெயர் வைத்தேன். ஷூ கம்பெனி ஒன்றுக்கு அவளும் ஹம்மாத்தும் ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மேசையில் விரித்த தோலை அது போட்டோ எடுக்கும். தழும்பு, ஓட்டைகளை விலக்கிவிட்டு எந்தத் துண்டை எங்கே வெட்டலாம் என்று காட்டும். காட்டுவதற்குள் கட்டிங் ஆட்கள் டீ குடித்துவிட்டே வந்துவிடுகிறார்கள்.

முதலாளி சமீருல்லா சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமை நானே வந்து பாப்பேம்மா. இதே பேஜார்னா வேற ஆளப் பாத்துக்குறேன்." அவர்களுக்கு இருக்கும் வாடிக்கையாளரே அவர் ஒருவர்தான். அவர் போனால் கடையை மூட வேண்டும்.

"பெரிய கம்ப்யூட்டரா வாங்கிடலாம்" என்றான் ஹம்மாத்.

"மொதல்ல நேரம் எங்க போவுதுன்னு அளந்து பாப்போம்."

அளந்தாள். துண்டை எங்கே வைப்பது என்ற கணக்கில் நேரம் போகவில்லை. ஒவ்வொரு துண்டை வைக்கும்போதும் ப்ரோக்ராம் அதே போட்டோவை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை படித்ததைத் தோலில் குத்தியிருந்த நம்பரின் பேரில் சேமித்து வைக்கச் சொன்னாள். படம் உடனே வந்தது.

3

இங்கே கட்டிங் சூப்பர்வைசர் பில்கிஸ் வருகிறாள். அமைதியானவள், கண்களில் ஏதோ ஒரு சோகம்

(நிறுத்தினேன். இவள் என் போன கதையில் வந்த பெண். நேரம் மிச்சம் என்று அப்படியே தூக்கி வைத்திருக்கிறேன்.)

அடுத்த தோலை விரித்ததும் பில்கிஸ் கேட்டாள்: "இன்னா சௌமியா, தழும்பு மேலயே துண்ட வைக்குது?"

திரையில் இருந்தவை முந்தைய தோலின் தழும்புகள்.* சௌமியா தோலில் குத்தியிருந்த நம்பரைப் பார்த்தாள்: முந்தைய தோலில் இருந்த அதே நம்பர்.

"சார் ஒரு தோலத்தான் பாப்பாரு. இப்டியே காட்டிடு, அப்புறம் சரி பண்ணிக்க" என்றாள் பில்கிஸ். நான் எழுதி வைத்திருந்த பில்கிஸ் இப்படிப் பேசமாட்டாள். எனக்கு இவளைத்தான் பிடித்திருக்கிறது.

சௌமியா வெளியே போய் டீக்கடையில் உட்கார்ந்து ஹம்மாத்துக்குப் போன் செய்தாள். அதைத்தான் நான் கேட்டேன்.

* தோல் பதனிடும் டானரியில், ஒன்றாகப் பதனிட்ட ஒரு லாட் முழுக்க ஒரே நம்பரைத்தான் குத்துவார்கள். ஆம்பூரில் பிறந்த சௌமியாவுக்கு இது தெரியும். தெரிந்ததாலேயே யோசிக்கவில்லை.

4

திரும்பி வந்து மாற்றிவிட்டாள்: மேசையிலிருந்து தோலை எடுத்ததும் பழையதை மறந்துவிட வேண்டும். இப்போது புதுத் தோல் ஒவ்வொன்றுக்கும் திரை ஒரு மூச்சு நேரம் வெறுமையாக நிற்கும். பிறகு சரியாக வரும்.

திங்கட்கிழமை. சமீருல்லா நிற்கிறார். தோல் விரித்தாகிவிட்டது. திரை வெறுமையாக இருக்கிறது. சௌமியா அதைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்க்கிறாள்.

அந்த முகத்தை நான் எழுதப்போவதில்லை, நீங்கள்தான் எழுத வேண்டும். ஒன்றே ஒன்று: உங்களுக்குத் தெரிந்த முதலாளி யாருடைய முகத்தையும் எடுத்து இங்கே வைத்துவிடாதீர்கள். ஒரு மூச்சு நேரம் பொறுத்து, இவரைப் பாருங்கள்.