லக்சாயினியின் இடது கன்னம், இதுவரை

1

இந்தக் கதை ஒரு பெருமையில் பிறந்தது. பெருமை என்னுடையதல்ல, திருகோணமலைக்குப் பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் என் பக்கத்து வீட்டு இரத்தினேஸ்வரியுடையது. "என்ர மகள் லக்சாயினியின்ர கன்னம் ஒன்பது வருசமா அப்பிடியே நிக்குது, அண்ணை," என்று வேலிக்கு மேலால் சொன்னாள், கொங்கிறீற்றுத் தூணைப் பற்றிச் சொல்வதுபோல.

உடனே எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்:

லக்சாயினியின் இடது கன்னம் துடித்தால், திருகோணமலைத் துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் நுழையும்...

(கைவிட்டேன். சின்னக் கப்பல்களுக்கும் துடிக்குமா என்று கேட்பீர்கள். துடிக்காது.)

2

துடித்தது மட்டும் உண்மை. கன்னத்துக்குள் இரத்தம் கொண்டுவரும் நாடியும் கொண்டுபோகும் நாளமும் பிறவியிலேயே முறைகேடாகப் பின்னிக் கிடந்தன; கன்னம் வீங்கியிருந்தது. அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் காதுக்குள் உஸ், உஸ் என்று இரைச்சல். கொழும்பில், தொடை வழியே மெல்லிய குழாயை ஏற்றி, மருந்துப் பசையால் அந்தப் பின்னலை அடைத்தார்கள். ஒரே தடவையில் அல்ல; கடைசித் தடவை ஒன்பது வருஷத்துக்கு முன்.

"அடைச்சது நிக்கும். ஆனா இரத்தம் பக்கத்தால வேற வழி தேடும். பிள்ளைத்தாய்ச்சியா இருக்கேக்க கவனம்," என்றார் டொக்டர்.

[இங்கே ஒரு முழுப்பக்கம் மருத்துவம் எழுதினேன். எனக்கே விளங்கவில்லை. வெட்டிவிட்டேன்.]

3

லக்சாயினி கர்ப்பமானாள். தாய் கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள். மகளோ படுக்கும்போதெல்லாம் இடது காதைத் தலையணையில் வைத்து, அந்த இரைச்சல் திரும்பிவிட்டதா என்று உற்றுக் கேட்டாள். ஒருநாள் சந்தேகம் வந்து புருஷன் வினோஜனைக் கூப்பிட்டாள். அவன் அவள் கன்னத்தில் காதை வைத்தான்.

"என்ன கேக்குது?"

"உம்மட பல்லுக்குள்ள முறுக்கு."

அவள் சிரிக்கவில்லை.

பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் ஸ்கான். டொக்டர் திரையைப் பார்த்து, "இப்ப வரைக்கும் மூடித்தான் இருக்கு," என்றார்.

"இப்ப வரைக்கும் எண்டா, எப்ப வரைக்கும் டொக்டர்?" என்றாள் இரத்தினேஸ்வரி.

"அடுத்த வருசம் வாங்கோ அம்மா, சொல்லுறன்."

லக்சாயினி இதே சொல்லை வருஷாவருஷம் கேட்டவள்தான். இந்தமுறை அது ஒரு பிள்ளைப்பேற்றையும் தாண்டி வந்திருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் யன்னலோரம் இருந்து, பழைய வீக்கத்தின் சுருக்கத்தோடு அந்தக் கன்னத்தைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டே வந்தாள்.

4

இரண்டு முடிவுகள் எழுதி அவளிடம் கொடுத்தேன்.

(அ) நாற்பது வயதில் கன்னம் மறுபடி துடிக்கிறது; மறுபடி கொழும்பு.
(ஆ) சாகும்வரை துடிக்கவேயில்லை.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தாள்.

"மாமா, முதலாவது நடக்கலாம். ரெண்டாவதுதான் பெரிய பொய்."

"அது நல்ல முடிவெல்லோ, பிள்ளை?"

"சாகும்வரைக்கும் எண்டு ஆரும் எனக்குச் சொல்லேல்லை. அப்பிடி ஆரும் சொல்லாமத்தான் நான் இவளைப் பெத்தனான். அதை எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். இதற்கு மேலும் முடிவு வேண்டுமென்பவர்கள், பிள்ளை தூங்கும் நேரமாகப் பார்த்து, நேரே போய் அவளிடம் கேட்கலாம். எனக்கு ஏலாது.