நாலு கட்டை கீழே

“பியானோ கத்துக்கினா கணக்கு நல்லா வரும்டா.”

“அப்போ கணக்கு கத்துக்கினா பியானோ வந்துடுமா?”

“வாயைப் பாரு! ஞாபக சக்தி வளரும், பொறுமை வரும், தைரியமாப் பேச வரும். டீச்சரே சொன்னாங்க. கிளம்பு.”

“போகலைன்னா?”

“தோசை கிடையாது.”

பெனிட்டோ அப்போது ரெண்டாம் வகுப்பு. தோசைக்காகத்தான் போனான். அம்மா சாராள் அடுக்கிய பலன்களில் ஒன்றும் வந்து சேரவில்லை என்பது வளர்ந்தபின் ஊருக்கே தெரிந்தது. கணக்கில் அரியர் வைத்துத்தான் டிப்ளமோ முடித்தான். ஞாபக சக்தி எப்படியென்றால், அம்மாவை பைக்கில் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய், காயை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் பொறுமையைப் பற்றி அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் கேட்டால் சொல்வார்கள்.

தைரியம்தான் எல்லாவற்றையும்விட மோசம். கள்ளிக்குப்பத்து வகுப்பில் பியானோ ஒன்றே ஒன்று. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். பெனிட்டோ இடது பக்கம், ஸ்வீட்லின் வலது பக்கம். அவள் மூச்சு இழுத்தால் அடுத்த வரி தொடங்குகிறது என்று அவனுக்குத் தெரியும். அவன் தோள் அசைந்தால் அவளுக்குத் தெரியும். இப்போது ஞாயிறுதோறும் ஆலயத்தில் அவன் கீபோர்டு, அவள் பாட்டு. கல்லூரி நாளிலிருந்து அவளிடம் ஒன்று கேட்கத்தான் வாயைத் திறக்கிறான்.

“ஸ்வீட்லின்...”

“இன்னா?”

“ஒண்ணுமில்ல, பஸ் வருது.”

ஒருமுறை பஸ்ஸே நுழைய முடியாத சந்தில் நின்றுகொண்டு இதைச் சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் அவளே கீபோர்டு பக்கம் வந்தாள்.

“டேய், ஆவடிலேர்ந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துருக்காங்க. என் பாட்டைக் கேட்டுட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பேசுவாங்களாம். மானத்தை வாங்காம வாசி.”

“உனக்குப் பையனைப் பிடிச்சிருக்கா?”

“வேற யாரும் என்னைக் கேக்கலையே.”

பெனிட்டோ வாயைத் திறந்தான். மணி அடித்துவிட்டது.

கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் விரல் வைக்கும் இடம் மாறாமலே சுருதி மட்டும் ஏறும். சன்டே ஸ்கூல் பிள்ளைகளின் கீச்சுக்குரலுக்காக அன்று நாலு கட்டை ஏற்றி வாசித்தான். அந்தப் பாட்டு முடிந்ததும் இறக்கியிருக்க வேண்டும். அவன் கண்ணோ மாப்பிள்ளை கிரண்மேல் இருந்தது. அழுத குழந்தை ஒன்றைத் தூக்கிவைத்துச் சமாதானம் செய்துகொண்டிருந்தான் கிரண். நல்லவனாக வேறு இருந்து தொலைத்தான்.

ஸ்வீட்லின் பாடத் தொடங்கினாள். முதல் இரண்டு வரியைப் பல்லைக் கடித்துச் சமாளித்தாள். மேலே போகிற இடத்தில் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பாடகர் குழுவில் நின்ற தேவா அண்ணன் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

பெனிட்டோ அப்போதுதான் பட்டனைப் பார்த்தான். இப்போது அதைத் தொட்டால் பாட்டு பாதிச் சொல்லில் மாடிப்படியில் உருண்டுவிடும். வரி முடிந்து அவள் மூச்சு இழுத்த நொடியில் அவன் தோளை இறக்கினான். ஏறிய சுருதி இறங்க, விரல்கள் நாலு கட்டை இடப்பக்கம் தள்ளிக் கறுப்புக் கட்டைகளுக்குள் புகுந்தன. சின்ன வயதில் அழுதுகொண்டே பழகிய சுருதி அது. அவளும் கூடவே இறங்கினாள். பேசி வைத்துச் செய்ததுபோல் அத்தனை அழகாக இருந்தது. சபையே உருகிவிட்டது.

ஆராதனை முடிந்ததும் கிரணின் அம்மா சொர்ணம் நேராக அவனிடம் வந்தார்.

“தம்பி, உச்சிக்குக் கொண்டுபோயி அப்படியே இறக்குனீங்க பாருங்க, கண்ணுல தண்ணி வந்துடுச்சு! நாங்க முடிவு பண்ணிட்டோம். பொண்ணு இதுதான். கல்யாணத்துக்கும் நீங்கதான் வாசிக்கணும்.”

“சின்னதுலேயே பியானோ கத்துக்குடுத்தேங்க!” என்று பின்னாலிருந்து சாராள் பூரித்தாள். “அதோட பலன்!”

அவர்கள் நகர்ந்ததும் ஸ்வீட்லின் பாட்டுப் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

“எரும! கொன்னுட்டியேடா என்னை. கண்ணை எங்க வச்சிருந்த?”

“நாலாவது வரிசைல.”

“அங்க இன்னா கீது?”

“உன் மாப்பிள்ளை.”

ஓங்கிய புத்தகம் பாதியில் நின்றது.

“அந்தம்மா சரின்னுட்டாங்களாம்,” என்றாள், குரலைத் தணித்து. “சாயங்காலம் எங்கப்பாவும் சரின்னுடுவாரு. நான் ஊட்டுக்குப் போறேன்.”

போகிறேன் என்றவள் போகவில்லை. கீபோர்டு உறையை எடுத்து, உள்ளே கீபோர்டே இல்லாமல், அதன் ஜிப்பை மெதுவாக மூடிக்கொண்டிருந்தாள். ஜிப் ஓரத்தை எட்டப்போனது.

“ஸ்வீட்லின்.”

“இன்னா?”

“அவங்களை வேணாம்னு சொல்லிடு. என்னைக் கட்டிக்கோ.”