பேசுவதற்கு எங்கே அமுக்குவது?

வாட்ஸ்அப் குழுவில் போடுவதெல்லாம் மறுநாளே புதைந்துபோகிறது, நமக்கென்று இணையத்தில் ஒரு விவாத மேடை வேண்டும் என்றார் பூதத்தான். தாராவியில் அவர்களுடைய ஊர்க்காரர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். சங்கத்தில் கணினி தெரிந்த முத்துமாரி மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, இலவச மென்பொருள் ஒன்றைப் பிடித்தாள். வெறும் எழுத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று, சர்வர் வாடகையிலும் ஆகக் குறைந்ததையே எடுத்தாள்.

மேடை திறந்து பத்து நாளாகியும் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. சோம்பேறிக் கூட்டம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பூதத்தான் போனோடு வந்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி. இதுல பேசுததுக்கு எங்க அமுக்கணும்? நம்ம பிள்ளையளுக்குத் தமிழ் எழுத எங்க வருது?"

அவளுக்குச் சுருக்கென்றது. வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அனுப்புவது குரல்பதிவுதான். அத்தனை குரலையும் சேர்த்துவைக்க இந்த இடம் ஒரு மாதம்கூடத் தாங்காது.

விலை பார்த்தாள், வேகம் பார்த்தாள், பாதுகாப்பு பார்த்தாள். யார் எழுதப்போகிறார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை. இந்தி மீடியத்தில் படித்த அவளே, மேடையின் வரவேற்பு வரியைப் போனிடம் வாயால் சொல்லித்தான் எழுத்தாக்கியிருந்தாள்.