வெறும் பக்கம்

குச்சியின் ஒரு முனையில் குழந்தையின் குட்டி ஷூ ஒன்று தொங்கியது; மறுபக்கம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஜன்னல் கம்பியிலிருந்து இறங்கிய நூலில் அந்தக் குச்சி துளியும் சாயாமல் நின்றது.

வடிவமைப்பு டீச்சருக்குச் சுருக்கென்றது. சமநிலை என்று பலகையில் எழுதினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், மண்டையில் ஒன்றும் ஏறாது. அதனால்தான் ஆளுக்கொரு நீளக் குச்சியும் நூலும் கொடுத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்ததைத் தொங்கவிட்டுக் காட்டச் சொல்லியிருந்தாள். மற்றவர்கள் பூட்டும் கரண்டியுமாக இரண்டு பக்கமும் கட்டி மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ஷூவைத் தொங்கவிட்டவள் மட்டும் கடைசியாக வந்து கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டாள். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வருகிறவள். 'லேட்டம்மா' என்று அவளுக்குப் பெயர் வைத்ததே டீச்சர்தான்.

"என்ன லேட்டம்மா, அந்தப் பக்கம் பேய் உக்காந்திருக்கா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"இல்ல மிஸ், அது தானாவே..."

"தானாவா? டேப்ப எங்க ஒட்டியிருக்க? எங்கிட்டயே கண்கட்டு வித்தையா?"

டீச்சர் குச்சியைப் பிடித்து இழுத்தாள். நூல் அறுந்து, ஷூ மேசைக்கடியில் போய் விழுந்தது. குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டேப் இல்லை, பசை இல்லை. ஷூ இருந்த முனைக்குப் பக்கத்திலேயே நூலைக் கட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். மீதிக் குச்சியின் வெறும் நீளமே ஷூவுக்கு ஈடுகொடுத்திருக்கிறது.

பலகையில் டீச்சரே கொட்டை எழுத்தில் எழுதியது அப்படியே இருந்தது: 'வெற்றிடத்துக்கும் கனம் உண்டு.' வருஷா வருஷம் எழுதுகிறாள். அதுவே கண்ணெதிரே வந்து தொங்கியபோது டேப்பைத் தேடியிருக்கிறாள்.

டீச்சருக்கு முகம் காந்தியது. லேட்டம்மா மண்டியிட்டு ஷூவை எடுத்து, உள்ளங்கையால் தூசியைத் துடைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஷூவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தாள். அதைத் தாண்டிவிட்டால் இனி வரமாட்டாள் என்று தோன்றியது. பிறகு தனியே கூப்பிட்டு நாலு நல்ல வார்த்தை சொல்லலாம்தான். ஆனால் சிரித்தவர்கள் எல்லாரும் இங்கேயல்லவா இருக்கிறார்கள்? ஆண்டவனே, இந்த வாயைக் கொடுத்தவன் நீ, இப்போது நீயே திறந்துவிடு.

"லே..." என்று தொடங்கியவள் அந்தப் பெயரை விழுங்கினாள். "கொஞ்சம் நில்லும்மா. டேப் எதுவும் இல்ல. தப்பு என்னோடது. நான் எழுதினத நானே நம்பல." கையை நீட்டினாள். "அந்த ஷூவத் தர்றியா? நான் கட்டிப் பாக்கறேன்."

அவள் உடனே திரும்பவில்லை. பிறகு ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

டீச்சர் கட்டினாள். ஷூ முனை கீழே போயிற்று. நூலை நகர்த்தினாள், வெறும் முனை கீழே போயிற்று. இப்போது யாருமே சிரிக்காததுதான் அதிகம் சுட்டது.

"முடிச்ச ரொம்ப இறுக்காதீங்க மிஸ், நகராது."

தோளருகே ஒரு கை நீண்டு நூலை மயிரிழை தள்ளியது. குச்சி இப்படிச் சாய்ந்தது, அப்படிச் சாய்ந்தது. இருவரும் கையை எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லாத அந்த முனையையே பார்த்தபடி நின்றார்கள்.