நுனியில் ஒன்றுமில்லை

ஆற்றுக்குக் கிளம்புகையில் அம்மா தன் கார் சாவியைத் தானாகவே எடுத்து நீட்டியபோதே மகள் கவனித்திருக்க வேண்டும். இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அம்மா. இன்னொருத்தர் ஓட்டினால் தலை சுற்றும் என்பாள். ஆனால் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருந்த மகளுக்கு எதையும் கவனிக்கத் தெம்பில்லை. ஒன்பது மணி நேரம் ஈர விரிப்புகளை இழுத்து உதறியதில் தோள்பட்டை கழன்று தொங்குவதுபோல இருந்தது. வழியெல்லாம் அண்ணன் போனில் சொன்னதே ஓடிக்கொண்டிருந்தது. "அம்மா வீட்டைக் காலி பண்ணிட்டு என்கூட வந்து இருக்கட்டும். நான் சொன்னா எரிஞ்சு விழுவாங்க. நீயே பக்குவமா சொல்லிடு."

ஆற்றங்கரையில் அம்மா தொடைவரை ஏறும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அவளுடைய மீன்பிடிப்பில் புழுவும் இல்லை, மிதவையும் இல்லை. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியை நைலான் நரம்பின் நுனியில் கட்டி, தலைக்கு மேல் முன்னும் பின்னுமாக வீசி, நிஜப் பூச்சி வந்து உட்காருவதுபோலத் தண்ணீரில் இறக்க வேண்டும். ஓய்வு பெற்ற மறுமாதமே நீளத் தூண்டில் கம்பு ஒன்றை வாங்கிவந்தாள். "வீட்ல உக்காந்தா கை தானா ஸ்டீயரிங் சுத்துது" என்று அதற்குக் காரணம் சொன்னாள்.

தேநீர் குடிக்கும்போது சொல்லிவிடலாம் என்று மகள் தன் மேல்கோட்டை மடித்துப்போட்டுப் புல்லில் உட்கார்ந்தாள். எப்போது சாய்ந்தாள் என்று தெரியவில்லை. விழித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அம்மா அதே இடத்தில் நின்று வீசிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் படலையா?"

"அதுங்களுக்கும் இன்னைக்கு லீவு போல."

அடுத்த வீச்சில் நரம்பு பின்னாலிருந்த புதரில் போய்ச் சிக்கியது. எடுத்துவிடப் போன மகள் தூண்டில் முள் குத்தாமலிருக்க மெதுவாகக் கிளைகளை விலக்கினாள். நரம்பின் நுனி கைக்கு வந்தது. அதில் ஒன்றுமில்லை. நகவெட்டியால் வெட்டியதுபோல நேராக முடிந்திருந்தது.

"அம்மா, பூச்சி அறுந்து போச்சு."

அம்மா நரம்பைச் சுற்றிக்கொண்டே கரையேறி வந்தாள். "அறுந்து போகல. நான் கட்டவே இல்ல."

"ஏன்?"

"முள்ளுல நரம்பு கோக்கிற ஓட்டை இருக்குல்ல, அது கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. மழை ஆரம்பிச்சதிலேர்ந்தே."

"அப்ப இத்தனை வாரமா?"

"சும்மாதான் வீசிட்டுப் போறேன். தூரத்துல நிக்கிறவங்களுக்குத் தெரியவா போகுது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"வரும்போதே செத்துச் சுண்ணாம்பாகி வர்ற. உன் மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

மகள் அம்மாவின் தகர டப்பாவைத் திறந்து ஒரு பொய்ப்பூச்சியை எடுத்தாள். வெளுப்புத் தூளில் வெடித்த விரல்களில் நரம்பு மாட்டி மாட்டி வந்தது. நான்காவது தடவைதான் கோக்க முடிந்தது. அழுக்குத் துணி மூட்டையின் வாயைக் கட்டுகிற முடிச்சுதான் அவளுக்குத் தெரியும். அதையே போட்டாள்.

"அண்ணன் போன் பண்ணான்" என்றாள், தலை நிமிராமல்.

"எனக்கும்தான் பண்ணான். மூணு தடவை" என்றாள் அம்மா. "நீ என்ன சொல்ற?"

வழியில் அடுக்கிவைத்திருந்த வாக்கியங்களை மகள் விட்டுவிட்டாள். "எனக்கு முடியலம்மா" என்றாள். "வாரா வாரம் ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வரேன். கேட்டா நல்லா இருக்கேங்கிற. நானும் நம்பிட்டுப் போயிடறேன். நம்புறது எனக்கும் வசதியா இருந்துச்சு."

அம்மா பூச்சியை உள்ளங்கையில் வைத்துக் கண்ணருகே கொண்டுபோனாள். "இது பழுப்பா, சாம்பலா?"

"பழுப்பு."

"சரி" என்றாள் அம்மா. எதற்குச் சரி என்று மகளுக்கு விளங்கவில்லை. பிறகு அம்மாவே சொன்னாள். "இந்த மாசம் முடிஞ்சதும் வரேன்னு அவன்கிட்ட சொல்லிடு. என் அலமாரியில மட்டும் அவன் கைவைக்க வேண்டாம். நானே எடுத்து வச்சுக்கிறேன்."

சொல்லி முடித்தால் பாரம் இறங்கும் என்று மகள் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. அதே தோள்வலி, அதே தூக்கம்.

அம்மா மறுபடி தண்ணீருக்குள் போனாள். நாலடிதான் வைத்திருப்பாள், பாசிக் கல்லில் கால் வழுக்கியது. கம்பை ஊன்றி எப்படியோ நின்றுவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கி, பின்னாலிருந்து அம்மாவின் இடுப்புப் பட்டையைப் பிடித்தாள். குளிர் எலும்பு வரைக்கும் ஏறியது.

"இறங்கிட்டியா?"

"ம்."

"பக்கத்துல ஒட்டி நில்லு. கை வீசணும்."

நரம்பு இரண்டு பேருடைய தலைக்கு மேலும் போய்வந்து, நீண்டு, தண்ணீரில் இறங்கியது.

"எங்க விழுந்துச்சு?"

"பாறைக்கு இந்தப் பக்கம். மெதுவா மிதந்து வருது."

"இன்னும் தெரியுதா?"

"தெரியுது."

பழுப்புப் புள்ளிக்குக் கீழே தண்ணீர் லேசாக இருண்டது. நிழலா மீனா என்று சொல்ல முடியவில்லை. மகள் பட்டையை இறுக்கிப் பிடித்தபடி, கண்ணை இமைக்காமல், அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.